கயிறு இல்லாத தேர்வு

"மிஸ், கயிறு ஏறுறதுல எங்க செட்டுலயே நான்தான் முதல். ஆனா எனக்குக் கயிறே கிடையாதாம்."

மூன்றாமாண்டு இளங்கலைத் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி, வகுப்பு முடிந்த பிறகு என் மேசைக்கு அருகில் நின்று இதைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்கையைக் காட்டு என்றேன். கயிறு உரசிய இடத்தில் தோல் காய்ந்து தடித்திருந்தது. அவளுடைய அம்மா உப்பளத்தில் சுமை எடுப்பவர். அந்தக் கைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

அவள் தினமும் காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போகிறாள். சீருடைப் பணித் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் இருபது முப்பது பேரில் பெண்கள் ஏழு பேர். பையன்கள் கயிறு ஏறி முடித்த பிறகு ஒருநாள் விளையாட்டாகப் பிடித்து ஏறியிருக்கிறாள். 6 மீட்டர் குறியைத் தொட்டுவிட்டு இறங்கியிருக்கிறாள். பயிற்சியாளர் கைதட்டினாராம். பிறகு, "ஒனக்கு இது பரீட்சையில வராதும்மா, நீ போய்ப் பந்து எறி" என்றாராம்.

அவளுக்குக் காவல்துறையில் பெரிய ஆசை இல்லை. தீயணைப்புத் துறையில் சேர வேண்டும். காரணம் கேட்டேன். வெள்ளம் என்றாள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீருக்கு நடுவே நின்றது. இவர்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். மீட்கப் படகு வந்தது. எழுபது வயதைத் தாண்டிய இவளுடைய ஆச்சி படகில் ஏற மறுத்துவிட்டார். சேலை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள், நல்லவர்கள், பொறுமையாகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனாலும் முன்பின் தெரியாத ஆண் தன்னை இடுப்பில் கைகொடுத்துத் தூக்குவதை ஆச்சியால் ஏற்க முடியவில்லை. கடைசியில் இவள்தான் தண்ணீரில் இறங்கி, ஆச்சியை முதுகில் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றினாள்.

"அன்னிக்கு நான் செஞ்சது அவங்க வேலைதானே மிஸ்? அப்ப ஏன் எனக்கு அதுல இடமில்ல?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பதில் தேடிப் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் அவள் கைபேசியில் வைத்திருந்த தேர்வு அறிவிப்பைப் படித்தேன். தமிழ்நாட்டில் தீயணைப்பாளரைத் தேர்ந்தெடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம். இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலை சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று பணிகளுக்கும் ஒரே தேர்வு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். முதலில் எழுத்துத் தேர்வு. 2022 முதல் தமிழ் மொழித் தகுதித் தேர்வும் சேர்ந்துவிட்டது; 80 மதிப்பெண்ணில் 40 விழுக்காடு எடுத்தால்தான் 70 மதிப்பெண் முதன்மைத் தாளைத் திருத்துவார்கள். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, உடற்கூறு அளத்தல், ஓட்டம், உடல்திறன் போட்டிகள், மருத்துவப் பரிசோதனை.

ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167. மார்பளவு 81 சென்டிமீட்டர். மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதன்பின் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். கயிற்றில் 5 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு.

காவலர் பணிக்கு வரும் பெண்களுக்கு உயரம் 159 சென்டிமீட்டர், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 157. 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியில் ஓட வேண்டும். நீளம் தாண்டுதல் உண்டு, குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல் உண்டு, குறுந்தூர ஓட்டம் உண்டு. கயிறு இல்லை.

தீயணைப்பாளர் என்ற வரிசைக்கு வந்தால், பெண் என்ற கட்டமே வெறுமை. 2020 அறிவிப்பில் 458 இடங்கள், 2022-இல் 120, 2023-இல் 674. மூன்றையும் கூட்டினால் 1252. அத்தனையும் ஆண்களுக்கு.

தமிழ் படித்தவள் என்பதால் ஒரு சொல்லில் என் கண் நின்றது. ஆங்கிலத்தில் இந்தப் பணியின் பெயர் 'ஃபயர்மேன்'. பெயருக்குள்ளேயே ஆண் உட்கார்ந்திருக்கிறான். தமிழில் 'தீயணைப்பாளர்'. ஆசிரியர், மருத்துவர், தொழிலாளர் போல இதிலும் ஆண்பால் பெண்பால் இல்லை. நம் மொழி திறந்து வைத்த கதவை, பக்கத்துக் கட்டத்தில் 'ஆண்கள்' என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

*

தீயோடு பெண்களுக்கு இருக்கும் பழக்கத்தை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் வளர்ந்தது அளத்தை ஒட்டிய ஓலைக்குடிசைத் தெருவில். 1980களில் ஒரு பங்குனி மதியம் ஒரு கூரையில் பிடித்த தீ அடுத்த கூரைக்குத் தாவியது. ஆண்கள் வேலைக்குப் போயிருந்த நேரம். அடிபம்பிலிருந்து எரிகிற வீடு வரைக்கும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். குடம் கைமாறிக் கைமாறிப் போனது. என் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் தீப்பிடிக்காத கூரைகளின் ஓலையைப் பிய்த்துக் கீழே தள்ளினார்கள். தீ பரவும் வழியை அறுப்பது என்று அதற்குப் பாடப்புத்தகங்களில் பெயர் இருக்கலாம்; அம்மா எந்தப் பாடமும் படித்ததில்லை. இடது முழங்கைக்கு மேல் அவருக்கு இன்றும் தழும்பு இருக்கிறது. தீயணைப்பு வண்டி வந்தபோது நான்கு வீடு போயிருந்தது. மிச்சம் பதினெட்டு நின்றது. அந்தப் பெண்களை யாரும் வீரர் என்று அழைக்கவில்லை. அவர்களும் எதிர்பார்க்கவில்லை. குடத்தைக் கழுவிவிட்டு உலை வைத்தார்கள்.

அடுப்பு, மண்ணெண்ணெய், எரிவாயு உருளை என்று தீ நம் வீடுகளில் முதலில் சந்திப்பது பெண்ணைத்தான். 'ஸ்டவ் வெடித்து' இறந்த மருமகள்களின் கதை பெருகிப் பெருகித்தான் 1986-இல் வரதட்சணைச் சாவு என்று தனிச் சட்டப்பிரிவே வந்தது. எரிகிறவர்களில் பெண் இருக்கிறாள். அணைக்க வருகிறவர்களின் பட்டியலில்தான் அவளைக் காணவில்லை.

*

ஆபத்தான வேலைக்கு யார் தகுதி என்று முடிவு செய்வது எங்கள் கரைக்குப் புதிதல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளாக இங்கே அது நடக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற கடற்பயண நூல், கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகச் சொல்கிறது. அப்போதைய தகுதி: உயிர் போனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது. பின்னர் அதே வேலை பரதவர்களின் பெருமைக்குரிய குலத்தொழிலானது. கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் பேர்பெற்ற குளியாளிகள். கடல் மாறவில்லை. சிப்பி கிடந்த ஆழம் மாறவில்லை. தகுதி மட்டும் மாறியது.

குளியாளி கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்குவார். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடக்குறைய மூச்சடக்கிச் சிப்பி அள்ளுவார். கயிறு அசைந்ததும் மேலே தோணியில் இருப்பவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இங்கே சொல்வார்கள். மனைவியின் கூடப்பிறந்தவன் என்றால் அசட்டையாக இருக்கமாட்டான். தன் அக்காள் தாலி அல்லவா அந்தக் கயிற்றில் இருக்கிறது! சிறுவயதில் இதைக் கேட்டு நான் நெகிழ்ந்திருக்கிறேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது. அந்தத் தொழிலுக்குப் பெண்ணின் தாலி காப்பீடாக வேண்டியிருந்தது. அவள் கை வேண்டியிருக்கவில்லை. அவள் உயிரே தொங்கும் கயிற்றை அவளே பிடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1955 முதல் 1961 வரை அரசு நடத்திய முத்துக்குளிப்போடு தூத்துக்குடியில் அந்தத் தொழில் ஓய்ந்தது. பெண்ணுக்கு இடம் வராமலே அது முடிந்துவிட்டது.

மூச்சடக்கிக் கடலுக்குள் போவது ஆணுடம்புக்கே உரியதா என்றால், இல்லை. ஜப்பானில் 'அமா' என்ற பெண்கள் பல நூற்றாண்டுகளாகக் குளிக்கிறார்கள். கொரியாவின் ஜேஜு தீவில் 'ஹெனியோ' பெண்கள் அறுபது எழுபது வயதிலும் குளிக்கிறார்கள். 2016-இல் யுனெஸ்கோ அவர்களுடைய பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இதே மன்னார் வளைகுடாவில், பாம்பன் பக்கத்தில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்கிப் பாசி எடுப்பவர்கள் பெண்கள்தான். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டுப் பரிசைப் பெற்றார். முத்து எடுக்க முடியாது என்று கருதப்பட்ட அதே உடம்பு பாசி எடுக்கிறது. வேறுபாடு நுரையீரலில் இல்லை. விலையில் இருக்கிறது.

*

தீயணைப்புப் படையின் வரலாற்றிலும் இதே கதைதான். லண்டனில் 1861 முதல் தீயணைப்புப் படையை நடத்திய கேப்டன் ஷா, கப்பலில் வேலை செய்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்வார். உயரம், கயிறு, ஏணி, இரவுக் காவல், கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது எல்லாம் மாலுமிக்குப் பழக்கம் என்பது அவர் கணக்கு. அந்த ஊருக்கு அந்தக் காலத்தில் அது நல்ல கணக்குதான். ஆனால் கப்பலில் பெண் இல்லை என்பதால் படையிலும் பெண் இல்லை என்று ஆனது. வேலைக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி, யார் மாதிரி இருக்க வேண்டும் என்ற கேள்வியாக மாறியது. அதே இங்கிலாந்தில் 1878-இல் கேம்பிரிட்ஜ் கிர்ட்டன் கல்லூரி மாணவியர் தங்களுக்கென்று தீயணைப்பு அணி அமைத்துப் பல ஆண்டுகள் நடத்தினார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

சென்னையில் தீயணைப்புப் படை 1908-இல் அமைந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த நாளைத்தான் நாடு முழுக்கத் தீயணைப்போர் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். எங்கள் துறைமுக நகரத்திலும் அன்று மாலை வைக்கிறார்கள். அந்த 66 பேரின் தியாகத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். இறந்தவர்கள் ஆண்கள் என்பதால் இனிமேலும் ஆண்கள்தான் என்று ஆகிவிடாது என்று மட்டும் சொல்கிறேன்.

தேர்வுமுறையையே நீதிமன்றத்துக்கு இழுத்த பெண்கள் இருக்கிறார்கள். நியூயார்க்கில் 1977-இல்தான் பெண்கள் தீயணைப்புத் தேர்வு எழுத அனுமதி கிடைத்தது. உடல்திறன் தேர்வில் ஒரு பெண்கூடத் தேறவில்லை. பிரெண்டா பெர்க்மன் வழக்குப் போட்டார். அந்தத் தேர்வு வேலைக்குத் தேவையான திறனைச் சோதிக்கவில்லை என்று 1982-இல் தீர்ப்பு வந்தது. புதிய தேர்வு வைத்தார்கள். அவரும் இன்னும் சுமார் 40 பெண்களும் தேறி அதே ஆண்டு பணியில் சேர்ந்தார்கள்.

கனடாவில் டானி மெயோரின் காட்டுத்தீ அணைக்கும் படையில் ஏற்கெனவே நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர். புதிதாக ஒரு விதி வந்தது: இரண்டரைக் கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓட வேண்டும். நான்கு முறை முயன்றார். மிக நன்றாக ஓடியபோதும் 49.4 நொடி கூடுதலாயிற்று. வேலை போய்விட்டது. 1999-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த 11 நிமிடம் வேலையைப் பாதுகாப்பாகச் செய்யத் தேவையானதுதான் என்று அரசால் நிறுவ முடியவில்லை. நெருப்புக்கு முன்னால் நின்று வேலை செய்து காட்டிய பெண்ணை, நிறுத்துகடிகாரத்துக்கு முன்னால் நிறுத்தித் தகுதியில்லை என்றிருக்கிறார்கள்.

*

"அப்படியானால் தரத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களா?" இதைப் பேசும்போதெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள், சக ஆசிரியைகளும் கேட்கிறார்கள். புகை மண்டிய மாடியிலிருந்து எண்பது கிலோ மனிதரைத் தூக்கி வர வேண்டாமா என்கிறார்கள்.

வேண்டும். அதையே சோதியுங்கள் என்கிறேன். தண்ணீர் நிறைந்த குழாயை இழுக்கச் சொல்லுங்கள். எடை கட்டிய பொம்மையை முதுகில் போட்டுப் படியிறங்கச் சொல்லுங்கள். முகமூடியும் காற்று உருளையும் மாட்டிக்கொண்டு இருட்டறையில் வழி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கிணற்றுக்குள் இறங்கச் சொல்லுங்கள். முடிந்தவர் வரட்டும், முடியாத பெண் வர வேண்டாம், முடியாத ஆணும் வர வேண்டாம். எங்கள் தெரேஸ்புரத்தில் கடலில் பிறந்து வளர்ந்தது போல நீந்துகிற பையன்களில் 168 சென்டிமீட்டரோடு நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். வெள்ளத்தில் அவனை நம்பலாம், அளவுகோல் நம்பவில்லை. நாடா ஒதுக்குவது பெண்ணை மட்டுமல்ல.

பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாடே பதில் சொல்லிவிட்டது. ஹர்ஷினி கன்ஹேகர் 2002-இல் நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரியில் முதல் பெண்ணாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே குரூப் 1 தேர்வு வழியாக மீனாட்சி விஜயகுமாரும் பிரியா ரவிச்சந்திரனும் தமிழ்நாட்டில் கோட்டத் தீயணைப்பு அலுவலர்களாக வந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில் கலசமகால் எரிந்தபோது பிரியா உள்ளே போனார். உடன் இருந்த நிலைய அலுவலர் அன்பழகன் உயிரிழந்தார். பிரியா கடும் தீக்காயங்களோடு பிழைத்து மீண்டும் பணிக்கு வந்தார். தீ இருவரையும் ஒரே மாதிரிதான் சுட்டது.

இங்கேதான் என் மாணவியின் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பட்டம் பெற்று, ஆண்டுக்கணக்கில் படித்து, குரூப் 1 எழுதினால் ஒரு பெண் இந்தத் துறையில் உத்தரவிடும் இடத்துக்கு வரலாம். பத்தாம் வகுப்பு முடித்த உப்பளத் தொழிலாளி மகள் அதே துறையில் குழாய் பிடிக்க முடியாது. மேல்மாடிக்குப் பெண்ணை ஏற்றிக்கொண்ட கட்டடத்தில் தரைத்தளக் கதவு சாத்தியிருக்கிறது. பெண்களுக்கு இடம் கேட்கும் நாமும் முதல் பெண் அதிகாரியைக் கொண்டாடிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறோம். அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு என்று 1989-இல் வழிகாட்டிய மாநிலம் இது. மாதச் சம்பளம், ஓய்வூதியம், சீருடை தரும் மரியாதை எல்லாம் அதிகமாகத் தேவைப்படுவது அந்தத் தரைத்தளத்தில் நிற்பவளுக்குத்தான்.

1973-இல் தமிழ்நாடு காவல்துறை முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள், ஆக 22 பேர். அன்றும் இதே கேள்விகளைக் கேட்டிருப்பார்கள்: இரவுப் பணி, கூட்டத்தைச் சமாளிப்பது, உடை மாற்ற அறை. இன்று பெண் காவலர் இல்லாத காவல்துறையை நினைத்துப் பார்க்க முடியுமா? பக்கத்துக் கேரளத்தில் பெண் தீயணைப்பாளர்களின் முதல் அணி பயிற்சி முடித்துப் பணிக்கு வந்துவிட்டது. செங்கோட்டையைத் தாண்டினால் அந்த உடம்பு வேறாகிவிடுகிறதா என்ன?

*

என் மாணவி இப்போது காவலர் தேர்வுக்குத்தான் தயாராகிறாள். வேறு வழியில்லை, வீட்டில் வருமானம் வேண்டும். 400 மீட்டரை 1 நிமிடம் 40 நொடிக்குள் ஓடுகிறாள். பந்து நன்றாக எறிகிறாள்.

போன மாதம் வகுப்பில் மனு எழுதும் பயிற்சி வந்தது. குடிநீர், தெருவிளக்கு, பேருந்து நேரம் என்று வழக்கமான தலைப்புகளைக் கொடுத்தேன். அவளும் அவள் தோழிகளும் எனக்கு வேறு தலைப்பு வேண்டும் என்றார்கள். தீயணைப்பாளர் தேர்வில் பெண்களையும் சேர்க்கக் கோரி அரசுக்கு ஒரு மனு எழுதினார்கள். இரண்டு நாள் சண்டை போட்டு எழுதினார்கள். 'தயவுகூர்ந்து' என்ற சொல்லை ஒருத்தி வெட்டினாள். இன்னொருத்தி திரும்பச் சேர்த்தாள். நான் ஒற்றுப்பிழை மட்டும் திருத்தினேன். 41 பேர் கையெழுத்திட்டு அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம்.

அதில் கடைசிப் பத்தியை என் மாணவி எழுதினாள். உயரத்தைக் குறைக்க வேண்டாம், நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், இந்த வேலைக்கு எது தேவையோ அதை எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள் என்று எழுதிவிட்டு, தன் கையெழுத்துக்கு முன்னால் இப்படி முடித்திருக்கிறாள்:

"முக்கியமாக, எங்களுக்கும் கயிறு வையுங்கள்."

அந்த வரியை நான் திருத்தவில்லை.